உப்போடைப்பட்டியில் தேரை இல்லை

தீபலட்சுமி அந்தப் படத்தை எடுத்ததே பயத்தில்தான்.

பாத்ரூம் சுவரில், குழாய்க்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் பொட்டு வைத்த மாதிரி வட்ட வட்டமாக இருந்தது. அது பாயவில்லை, கத்தவில்லை, சும்மா அவளைப் பார்த்தது. தேரை மேலே விழுந்தால் ஆள் தேய்ந்துபோவார் என்பது உப்போடைப்பட்டிக்கே தெரியும். தீபலட்சுமி ஏற்கெனவே தேய்ந்தவள். கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு தேரை வயிற்றில் விழுந்து எழுந்து போனதால்தான் பதினாறு வயதிலும் முப்பத்தாறு கிலோவைத் தாண்டவில்லை என்று அவள் அம்மா தங்கமாரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் தேய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் பிள்ளையின் கவலை.

"உள்ள தேரை இருக்கும்மா. நான் போகமாட்டேன்."

"அது பாட்டுக்கு அது இருக்கு, உம்பாட்டுக்கு நீ போயிட்டு வா. வாடகையா கேக்குது?"

"இம்புட்டுப் பெருசும்மா."

"பொய் சொல்லாத."

பொய்யில்லை என்று காட்டுவதற்காகக் கதவைச் சாண் அளவு திறந்து, போனை மட்டும் உள்ளே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். படத்தைப் பார்த்த தங்கமாரி, "ஆமா, பெருசுதான்," என்று ஒத்துக்கொண்டு, தானே உள்ளே போய்த் தேரை பார்த்திருக்கக் குளித்துவிட்டு மில் வேனுக்குப் போனாள்.

அந்தப் படம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த வாரம் பள்ளிக்கூடத்தில், ஆளுக்கு ஓர் உயிரினத்தைப் படம் எடுத்து ஒரு செயலியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் மயிலை ஏற்றினார்கள், ஆட்டுக்குட்டியை ஏற்றினார்கள், ஒருவன் தன் தம்பியை ஏற்றித் திட்டு வாங்கினான். தீபலட்சுமியின் போனில் இருந்த ஒரே உயிரினம் தேரை. ஏற்றினாள். எந்த இடத்தில் எடுத்தது என்பதைப் போன் தானாகவே, பத்தடி பிசகாமல், காட்டிக்கொடுத்துவிட்டது.

செயலி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. மாநில இருவாழ்வி வகைப்பாடு மற்றும் பரவல் இயக்ககத்துடையது. அதில் இரண்டு பிரிவு. ஒரு தவளை என்ன தவளை என்று சொல்வது வகைப்பாட்டுப் பிரிவின் வேலை. அது எங்கே இருக்கிறது என்று சொல்வது பரவல் பிரிவின் வேலை. எங்கே என்று தெரியாமல் என்ன என்று சொல்லக்கூடாது. என்ன என்று தெரியாமல் எங்கே என்று சொல்லக்கூடாது. இரண்டு பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். தபாலில் பேசிக்கொள்வார்கள்.

ஊர் தேரை என்று சொல்வதற்கு இயக்ககத்தில் மரத்தவளை என்று பெயர். அந்த இயக்ககத்தின் பரவல் வரைபடத்தில், மரத்தவளை இருக்கிற தாலுகாவெல்லாம் மஞ்சள். உப்போடைப்பட்டி இருக்கிற திருச்சுழி வெள்ளை. காரணம் தெளிவானது. முந்தின வருடம் அந்த வட்டாரத்துச் சீமைக்கருவேல மரங்கள் அத்தனையும் ஒழிக்கப்பட்டுவிட்டதாக நூறு சதவீத அறிக்கை போயிருந்தது. மரம் இல்லாத இடத்தில் மரத்தவளை எப்படி இருக்கும்? வெள்ளையின் நடுவே இப்போது ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது. தீபலட்சுமி தெருக்குழாயில் குடத்தோடு நின்றிருந்தாள். இறங்கியவர் ஒரு தாளைப் பார்த்து அவளுடைய பெயரை இன்ஷியலோடு வாசித்தார். ஊரில் யாரும் அவளை இன்ஷியலோடு கூப்பிட்டதில்லை. குடம் நிறைந்து காலில் வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வாசித்தவர் பரவல் அலுவலர் நவநீதகிருஷ்ணன். பின்னாலேயே பூதக்கண்ணாடியோடு இறங்கியவர் வகைப்பாட்டு அலுவலர் சங்கரலிங்கம்.

"இந்தத் தவளைய எங்கேருந்து கொண்டாந்த?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"நான் கொண்டாரல சார். அதுவா வந்துச்சு."

"அதுவா வர முடியாது. இந்தா, வரைபடத்தப் பாரு. உங்க தாலுகா வெள்ளை. வெள்ளையில தவளை வராது."

"அதுக்குத் தெரியாதுல்ல சார்," என்றாள். பயத்தில் வந்த சொல். அவர் அதை எழுதிக்கொண்டார்.

தங்கமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சின்னப் புள்ள சார். அவளே தேரைன்னா செத்துப்போவா. கைப்பிள்ளையில ஒண்ணு மேல விழுந்துதான் இப்பிடி நரம்பா கெடக்கா."

நவநீதகிருஷ்ணனின் பேனா நின்றது. "ஆக, இந்தக் குடும்பத்துக்கு இந்த உயிரினத்தோட பதினாறு வருசமாத் தொடர்பு இருக்கு."

தங்கமாரி மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா என்ன தொழில்?"

சோலைச்சாமி கையில் இருந்த கரியைத் துண்டில் துடைத்தார். "கரி மூட்டம் போடுறேங்கய்யா."

"எந்த மரத்துல?"

"சீமைக்கருவேலந்தான். வேற என்ன இருக்கு நம்மூர்ல. அந்தா நிக்கிதுல்ல." தெரு முடிகிற இடத்தில் கண்மாய். கண்மாயில் தண்ணீரைவிட முள்மரம்தான் அதிகம். கரை தெரியாமல் மண்டிக்கிடந்தது.

நவநீதகிருஷ்ணன் அந்தப் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார். "அங்க ஒண்ணும் இல்ல. மார்ச் முப்பத்தொண்ணோட எல்லாத்தையும் எடுத்தாச்சு. களத் தணிக்கையில நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்." தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

"அது என்ன புகை?" என்று சங்கரலிங்கம் கண்மாய்ப் பக்கம் கைகாட்டினார்.

"பனி," என்றார் நவநீதகிருஷ்ணன்.

அடுத்தது வகைப்பாடு. சங்கரலிங்கம் செருப்பைக் கழற்றாமல் தலையை மட்டும் பாத்ரூமுக்குள் விட்டார். சுண்ணாம்பு அடித்த சுவரில் தேரையும் சுண்ணாம்பு மாதிரியே வெளுத்து உட்கார்ந்திருந்தது. 'நிறம்: வெள்ளை' என்று எழுதினார். படிவம் ஆறு பக்கம். ஐந்தாம் பக்கம் முடித்துத் தலையைத் திரும்ப விட்டபோது அது நகர்ந்து சிமெண்டு ஓரத்துக்குப் போய்ப் பழுப்பாகியிருந்தது.

"ரெண்டு இருக்கு," என்றார் வெளியே வந்து.

"ஒண்ணுதான் சார் இருக்கு," என்றாள் தீபலட்சுமி.

"வெள்ளை ஒண்ணு, பழுப்பு ஒண்ணு. இப்பப் பழுப்பு மட்டுந்தான் இருக்கு. வெள்ளை எங்க?"

அவள் சுவரைக் கைகாட்டினாள்.

"சாயங்காலத்துக்குள்ள வெள்ளைய ஆஜர்படுத்து."

சாயங்காலம் வெள்ளை தானாகவே ஆஜரானது. அப்போது பழுப்பைக் காணவில்லை. அன்றைக்கு அவள் பெயரில் இரண்டு குறிப்பாணை எழுதப்பட்டது.

பிரச்சினை அதோடு நிற்கவில்லை. மரத்தவளை என்றால் மரத்தில் இருக்க வேண்டும், இது சுவரில் இருக்கிறது, சுவர்த்தவளை என்று ஓர் இனம் பட்டியலில் கிடையாது என்றார் சங்கரலிங்கம். அதனால் முடிவு தெரியும்வரை அந்த பாத்ரூம் தவளையின் தற்காலிக வாழிடம். கதவில் குறுக்கே நாடா ஒட்டி, அரக்கு வைத்து, சீல் குத்தினார்கள். உயிரினம் வாடிப்போகாமல், கதவின் கீழே உள்ள இடுக்கு வழியாகக் காலையும் மாலையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது வீட்டாரின் பொறுப்பு.

"அப்ப நாங்க எங்க சார் போறது?" என்று தங்கமாரி கேட்டாள்.

"எங்க போறதுன்னா?"

தங்கமாரி சீல் வைத்த கதவைப் பார்த்தாள். தீபலட்சுமி தரையைப் பார்த்தாள்.

"ஓ," என்றார் நவநீதகிருஷ்ணன். "ஊருக்குள்ள நுழையும்போதே போர்டப் பாத்தேன். திறந்தவெளிக்கே போகாத ஊர்னு போட்டிருக்கு. அதனால நீங்க வெளிய போக வாய்ப்பே இல்ல. சீல உடைச்சா மூணு வருசம். பாப்பா பேர்லதான் பதிவு இருக்கு, பாப்பா பேர்லதான் வரும்."

மறுநாள் அருப்புக்கோட்டையிலிருந்து லோடு ஆட்டோவில் ஒரு மரம் வந்தது. தொட்டியில் வைத்த வேப்பங்கன்று, இடுப்பு உயரம். அதைப் பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, தேரை வந்து ஏறுகிறதா என்று இரண்டு அலுவலர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஏறினால் மரத்தவளை. முதல் நாள் ஏறவில்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு ஆடு வந்து மரத்தைத் தின்றுவிட்டது. வாழிடத்தைச் சேதப்படுத்திய ஆட்டின் நிறம், வயது, உரிமையாளர் பெயர் எல்லாம் பதியப்பட்டது. ஆட்டுக்காரி அழகுத்தாய், "எங்க வீட்ல ஆடே இல்ல சார்," என்று சொல்லிவிட்டாள். ஆடு அவள் காலை உரசிக்கொண்டு நின்றது.

அழகுத்தாயைப் பார்த்து ஊரும் பாடம் படித்தது. தேரை இல்லாத பாத்ரூம் அந்த ஐப்பசியில் எந்த வீட்டிலும் கிடையாது. யார் வீட்டுக் கதவு அடுத்து சீலாகுமோ என்று பயந்து, பாத்ரூம் வைத்திருந்தவர்கள் கதவுக்கு முன்னால் விறகை அடுக்கினார்கள், சாக்கைத் தொங்கவிட்டார்கள். தீபலட்சுமி டப்பாவோடு போய் நின்றால், "எங்க வீட்ல ஏது தாயி பாத்ரூமு," என்றார்கள்.

மூன்றாம் நாள் விழிப்புணர்வுக் கூட்டம். சமுதாயக்கூடத்து வாசலில் நவநீதகிருஷ்ணன் பேசினார்.

"தவளை இல்லன்னா உலகம் இல்ல. இத எங்க இயக்ககம் இருபது வருசமாச் சொல்லிட்டு வருது. நானே பன்னெண்டு வருசமா இந்தப் பிரிவுல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு தவளையக்கூட நேர்ல பாத்ததில்ல. அந்தளவுக்கு வரைபடத்தச் சுத்தமா வச்சிருக்கோம். திடீர்னு ஒரு தவளை வருது, அதுவும் முறையா விண்ணப்பிக்காம ஒரு பாத்ரூம்ல. இப்பிடி ஆளுக்கு ஒண்ணு பாக்க ஆரம்பிச்சா, பன்னெண்டு வருச உழைப்பு என்ன ஆகிறது? பாத்தத எல்லாம் சொல்லணும்னு அவசியம் இல்லம்மா. எங்களக் கேட்டுட்டுப் பாருங்க."

கூட்டம் கைதட்டியது. எல்லாரும் திரும்பித் தீபலட்சுமியைப் பார்த்தார்கள்.

முதல் இரண்டு விடியலில் கண்மாய் முள்ளுக்காட்டுக்கு அம்மா கூட வந்தாள். மூன்றாம் நாளிலிருந்து தங்கமாரிக்கு மில்லில் நைட் ஷிப்ட். ஏழரைக்குத்தான் வேன் திரும்பும். அப்பாவிடம் சொல்லக் கூச்சம். பள்ளிக்கூடத்து மணி ஒன்பதுக்கு. அதுவரை தாங்காது. இடுக்கு வழியாகத் தேரைக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, தனக்கு ஒரு டப்பாவில் மொண்டுகொண்டு, இல்லாத காட்டைப் பார்த்து நடந்தாள்.

அந்தக் காட்டில் போன வருடம் விரியன் கடித்து ஒரு மாடு செத்தது. பன்றி உண்டு. அவற்றைக்கூடக் காலால் தரையைத் தட்டித் தட்டிச் சமாளிக்கலாம். நான்காம் நாள் அவள் குத்துக்காலிட்டிருக்கும்போது கரையில் ஒரு பைக் வந்து நின்றது. எஞ்சினை அணைத்தார்கள். இரண்டு குரல்.

"ஏலே, இங்கனதான் ஒண்ணு போச்சு."

"டார்ச்ச அடி பாப்போம்."

போன் வெளிச்சம் முள்ளுக்குள் நுழைந்து, கிளை கிளையாகத் தடவிக்கொண்டு வந்தது. தீபலட்சுமி மூச்சை நிறுத்தினாள். தண்ணீர் டப்பா சரியாமல் பிடிப்பதற்காகக் கையை ஊன்றிய இடத்தில் முள் இருந்தது. அது உள்ளங்கையில் ஏறியது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் சுள்ளி முறியும். வெளிச்சம் அவள் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி நின்று, என்னவோ யோசித்து, திரும்பிப் போனது. பைக் போன பிறகும் வெகுநேரம் அவள் அப்படியே இருந்தாள். அந்த நேரத்தில் பாத்ரூம் சுவரில் தேரை எப்படி அசையாமல் ஒட்டிக்கிடந்தது என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை போல.

அன்றைக்கு நவநீதகிருஷ்ணனிடம் போய் நின்றாள்.

"சார், காட்டுக்குள்ள பைக்குல வாராக சார். எனக்குப் பயமா இருக்கு. கதவ மட்டும் தொறந்துவிடுங்க சார்."

"எந்தக் காடு?"

"கண்மாய்க்குள்ள இருக்குல்ல சார், முள்ளுக்காடு."

அவர் வரைபடத்தை விரித்து, கண்மாய் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, அன்பாகவே சொன்னார். "இங்க காடே இல்ல பாப்பா. இல்லாத எடத்துல எதுக்குப் பயப்படுற?"

அந்த ராத்திரி மழை பெய்தது. ஐந்தாம் நாள் விடியலில் அவள் போகவேண்டாம் என்றுதான் கிடந்தாள். ஆறு மணிக்கு மேல் முடியவில்லை. கையில் டப்பாவும், துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி விரல் இடுக்கிலும் வைத்துக்கொண்டு போனாள். ஊக்கால் என்ன செய்ய முடியும் என்று அவளுக்கே தெரியாது.

நாலு எட்டு உள்ளே வைத்தவுடன் முனகல் கேட்டது. ஆம்பிளைக் குரல்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திரும்பினால் சத்தம் கேட்கும், நின்றாலும் பார்த்துவிடுவார்கள். அப்போது அந்தக் குரல் அழாக்குறையாகக் கூப்பிட்டது.

"யாரும்மா அது? கொஞ்சம் வாம்மா, கால எடுக்க முடியல."

நவநீதகிருஷ்ணன். ஒரு தண்ணீர்ப் பாட்டில் பக்கத்தில் சரிந்து கிடந்தது. அலுவலர்கள் தங்கியிருந்த சமுதாயக்கூடத்துப் பாத்ரூம் சாவி காரியாபட்டியில் யாரிடமோ இருந்தது. ஊரில் மற்ற யாருக்கும் பாத்ரூமே இல்லை. இருந்த ஒன்றை அவரே சீல் வைத்திருந்தார். செருப்பைத் துளைத்து ஏறிய முள் பாதத்துக்குள் முறிந்திருந்தது.

தீபலட்சுமியை அடையாளம் தெரிந்ததும் அவர் முகத்தில் வந்தது பயம். பயம் என்றால் அவளுக்கு நன்றாகத் தெரியும், பார்த்தவுடன் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு அவளால் பக்கத்தில் போக முடிந்தது.

குனிந்து, ஊக்கால் முள்ளை நெம்பி எடுத்தாள். விரல் நீளம் இருந்தது.

"ஊசி போடணும் சார். இது வெசமுள்ளு. நாளைக்குக் கால் வீங்கிரும்."

"ஆஸ்பத்திரியில என்ன முள்ளுன்னு கேப்பாக," என்றார் அவர்.

"வேப்பமுள்ளுன்னு சொல்லிருங்க சார்."

"வேம்புக்கு ஏதும்மா முள்ளு?"

"இதுவும் இல்லதான சார்."

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். ராத்திரி மழையில் கண்மாய்ப் பள்ளத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே வளைந்த கருவேலங்கிளைகளில் சோப்பு நுரை மாதிரி முட்டைக்கூடுகள் தொங்கின. கிளைக்குக் கிளை, முள்ளுக்கு முள், தேரை. பழுப்புத் தேரை. நவநீதகிருஷ்ணன் விரல்விட்டு நாற்பத்து மூன்று வரை எண்ணினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் எதையும் பாக்கல," என்றார் கண்ணைத் திறக்காமல். "நீயும் என்னப் பாக்கல."

"எங்க சார்?"

"இங்கதான்."

"இங்கன்னா, யாராச்சும் கேட்டா எந்த எடம்னு சொல்லட்டும் சார்?"

அவள் மிரட்டுவதற்காகக் கேட்கவில்லை. தப்பாகச் சொல்லி மூன்றாவது குறிப்பாணை வந்துவிடக்கூடாதே என்றுதான் கேட்டாள். ஆனால் நவநீதகிருஷ்ணனுக்கு வியர்த்தது. தாலுகா, மரம், தவளை, அவருடைய கையெழுத்து எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் உட்கார்ந்திருந்தன. அவளுடைய உள்ளங்கைக் காயத்தை அப்போதுதான் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒனக்கு என்ன வேணும்?"

"கதவு சார். கதவத் தொறந்துவிடுங்க."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கரையேறினார். முப்பத்தாறு கிலோ தாங்கியது.

காலை ஏழு மணிக்குள் இரண்டு பிரிவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. இயக்ககத்தின் சரித்திரத்தில் அது முதல்முறை. கள ஆய்வில் உப்போடைப்பட்டியில் மரத்தவளை எதுவும் காணப்படவில்லை. மாணவி ஏற்றிய படத்தில் தெரிவது, சுவரில் பெயர்ந்திருக்கும் சுண்ணாம்பு. பொருள் வகை: கட்டுமானம். பரவல்: ஒரு சுவர். பதினைந்து நாளுக்குள் வீட்டார் அதைப் பூசிவிட வேண்டும். அரக்கை உடைத்து நாடாவைப் பிய்த்தெடுத்த சங்கரலிங்கம், தலையை உள்ளே விட்டு அந்தச் சுண்ணாம்பைப் பார்த்தார். சுண்ணாம்பு கண்ணைச் சிமிட்டியது. "பூசிருங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரை தீபலட்சுமி காத்திருந்தாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்து, மறுபடியும் போட்டாள். தேரை குழாய்க்கு மேலே, அவள் முகத்துக்கு நேரே, பாய்கிற தூரத்தில் இருந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தொண்டை துடிக்க அதுவும் அசையாமல் பார்த்தது.

"நீ எம்மேல விழாத. நான் ஒன்னயப் படம் எடுக்கல. சரியா," என்று மெல்லச் சொன்னாள்.

நைட் ஷிப்ட் முடித்து வந்த தங்கமாரி, கதவில் சீலைக் காணாமல் திடுக்கிட்டு ஓடிவந்து தட்டினாள்.

"தீபா, சீல யாருடி எடுத்தா? உள்ள யாரோட பேசிக்கிட்டு இருக்க?"

தீபலட்சுமி தேரையைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா," என்றாள்.

அரசாங்கத்தில் அதற்குக் கையெழுத்து இருந்தது.